படகில் தூண்டில் கோல் தாங்கி: தேர்வும் பொருத்தும் முறையும்

புதுச்சேரியின் பாகூர் கொம்யூன் என்றதும் பலருக்கும் நெல் வயலும் பெரிய ஏரியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதே கொம்யூனின் கிழக்கு எல்லையில் நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம் என வங்கக் கடலோரமாக மீனவக் கிராமங்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் கட்டுமரங்கள் நின்ற இந்தக் கரைகளில், 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பிறகு பைபர் கிளாஸ் படகுகளே பெரும்பாலும் நிற்கின்றன. படகு மாறியதும் அதில் பொருத்தும் கருவிகளும் மாறி வருகின்றன. அவற்றுள் ஒன்று தூண்டில் கோல் தாங்கி. கடைக்காரர்கள் இதை 'ராட் ஹோல்டர்' என்பார்கள்.

பார்ப்பதற்கு இது ஒரு சாண் நீளமுள்ள வெறும் குழாய்தான். ஆனால் தவறாகத் தேர்ந்தெடுத்தாலும், தவறான இடத்தில் துளையிட்டாலும் மூன்று விதத்தில் நட்டம் வரும். கோலும் ரீலும் மீனோடு கடலுக்குள் போய்விடும். துளை வழியே நீர் இறங்கி, படகின் விளிம்பில் உள்ள மரம் உளுத்துப் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, எட்டாத கோலைப் பிடிக்கப் போய் ஆள் கடலில் விழவும் கூடும். ஆகவே, தாங்கியை வாங்கு முன்னரே படகின் அமைப்பையும் தொழிலின் முறையையும் எண்ணிப் பார்ப்பது அவசியம்.

தாங்கி யாருக்குத் தேவை?

நமது மீனவர்களுக்குத் தூண்டில் புதிதன்று. கைத்தூண்டில், ஆயிரங்கால் தூண்டில், ஓடும் படகின் பின்னே இழுத்துச் செல்லும் தூண்டில் என்று பல முறைகள் வழக்கில் உள்ளன. குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் ஆழ்கடல் தூண்டில் தொழிலில் பெயர் பெற்றவர்கள். இலட்சத்தீவுக் கூட்டத்தின் மினிக்காய் தீவில் சூரை மீனைக் கோல் கொண்டே பிடிக்கிறார்கள். அங்கே உயிர் இரை வீசிச் சூரைக் கூட்டத்தைப் படகருகே வரவழைத்து, ஆளுக்கு ஒரு கோலுடன் வரிசையாக நின்று மீனைத் தூக்கிப் படகினுள் போடுவார்கள். கோல் எப்பொழுதும் கையிலேயே இருப்பதால் அவர்களுக்குத் தாங்கி தேவைப்படுவதில்லை.

தாங்கி தேவைப்படுவது, ஆள் குறைவாகவும் கோல் அதிகமாகவும் உள்ள படகுக்குத்தான். இரண்டு மூன்று பேர் மட்டும் போகும் சிறு படகில் ஒருவர் இயந்திரத்தைப் பிடித்திருப்பார். மற்றவர் இரை கோப்பார் அல்லது வலையைக் கவனிப்பார். அந்த நேரத்தில் இரண்டு கோல்களை இழுத்துச் செல்ல வேண்டுமானால், கை செய்யும் வேலையைத் தாங்கி செய்ய வேண்டும். வஞ்சிரம், சூரை, பாறை, சீலா போன்ற மேல்மட்ட மீன்களை ஓடும் படகிலிருந்து பிடிப்பவர்களுக்கும், ஆற்று முகத்துவாரத்தில் நங்கூரமிட்டுக் கொடுவாய்க்குக் காத்திருப்பவர்களுக்கும் இது பயன்படும். கைத்தூண்டில் மட்டுமே போடுபவர்கள் தாங்கிக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை.

தாங்கியின் வகைகள்

சந்தையில் கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, படகின் மேல்விளிம்பில் துளையிட்டுப் பதிக்கும் வகை. குழாய் விளிம்புக்கு அடியில் மறைந்து விடும். அதன் வாய்த்தட்டு மட்டும் மேலே தெரியும். இதுவே உறுதியானது. ஆனால் விளிம்பு போதிய அகலம் உடையதாக இருக்க வேண்டும். விளிம்புக்கு அடியில் 20 முதல் 25 செ.மீ. ஆழத்துக்கு வெற்றிடமும் வேண்டும்.

இரண்டாவது, படகின் உட்சுவரில் பக்கவாட்டாகப் போல்ட்டு கொண்டு மாட்டும் வகை. விளிம்பு ஒடுங்கலாக உள்ள படகுகளுக்கு இது ஏற்றது.

மூன்றாவது, கம்பிக் கைப்பிடியில் கவ்வுமாறு மாட்டும் வகை. துளையிட வேண்டியதில்லை, வேண்டும்போது கழற்றலாம். ஆனால் படகின் அதிர்வில் நட்டு தளர்ந்து, மீன் இழுக்கும் நேரத்தில் தாங்கி சுழன்று விடும். லேசான கோல்களுக்கு மட்டுமே இதை நம்பலாம்.

நான்காவது, குறுக்குப் பலகையில் குழாய்களைப் பொருத்திப் பலகையோடு ஏற்றி இறக்கும் வகை. இதை ஊரிலேயே செய்து கொள்ளலாம். இதன் செய்முறை பின்னர் விளக்கப்பட்டுள்ளது.

கரையேற்றும் படகின் தனித் தேவை

துறைமுகத்தில் கட்டி வைக்கும் படகுக்கும், மணலில் ஏற்றி வைக்கும் படகுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நரம்பையிலோ பனித்திட்டிலோ படகு அலையைக் கிழித்துக்கொண்டு கடலில் இறங்க வேண்டும். திரும்பி வரும்போது அலையோடு ஓடி மணலில் ஏற வேண்டும். பலர் விளிம்பைப் பற்றித் தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். அந்த நேரத்தில் விளிம்புக்கு மேல் துருத்திக்கொண்டிருக்கும் எந்த இரும்பும் கையையும் விலாவையும் பதம் பார்க்கும். அலையில் படகு ஒருக்களித்தால் துருத்திய தாங்கி ஒடியும். ஒடியும்போது விளிம்பையும் பிளந்து கொண்டு போகும்.

ஆகவே, மணலில் ஏற்றும் படகுகளுக்கு இரண்டே வகைகள் பொருந்தும். ஒன்று, விளிம்போடு விளிம்பாகப் பதிந்து மேலே எதுவும் துருத்தாத முதல் வகை. மற்றொன்று, கரை நெருங்கும்போது கழற்றி உள்ளே கிடத்தி விடக் கூடிய நான்காம் வகை. அயல்நாட்டுப் படகுப் படங்களில் காணும் உயர்ந்த கம்பி வளைவுகளும் அவற்றில் அடுக்கிய தாங்கிகளும் நமது கரைகளுக்கு உதவா. அவை படகின் எடையை மேலே ஏற்றி ஆட்டத்தையும் மிகுதிப்படுத்தும்.

வலையும் தூண்டிலும் ஒரே படகில் வைத்துத் தொழில் செய்பவர்கள், வலை வாங்கும் பக்கத்தில் எந்தத் தாங்கியையும் நிலையாகப் பொருத்தக் கூடாது. தங்கூசி வலையின் கண்ணி ஒரு சிறு போல்ட்டுத் தலையில் மாட்டினாலும் கிழிந்து விடும்.

துலாவின் கணக்கு

தாங்கியின் மீது எவ்வளவு பளு வரும்? பலரும் இதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 5 கிலோ இழுக்கும் மீனுக்கு 5 கிலோ தாங்கும் குழாய் போதும் என்று எண்ணுவது தவறு.

கிணற்று ஏற்றத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். துலா நீளமாக இருந்தால் சிறு விசையும் பெரும் பளுவைத் தூக்கும். தாங்கியில் நிற்கும் கோலும் ஒரு துலாதான். குழாயின் வாய்க்கு மேல் கோல் 1.5 மீட்டர் நீண்டிருப்பதாகவும், குழாயின் ஆழம் 25 செ.மீ. என்றும் வைத்துக் கொள்வோம். கோலின் நுனியை மீன் குறுக்காக 5 கிலோ விசையுடன் இழுத்தால், குழாயின் வாய்ப்பகுதியில் 35 கிலோ அழுத்தம் விழும். அடிப்பகுதியில் எதிர்த்திசையில் 30 கிலோ விழும். குழாயின் ஆழம் 15 செ.மீ. மட்டுமே என்றால், வாய்ப்பகுதியில் விழும் அழுத்தம் 55 கிலோ ஆகிவிடும். கோல் வளைய வளைய இந்த அளவு சற்றுக் குறையும். ஆனால் மீன் அடிக்கும் முதல் நொடியில் வரும் வெட்டு இழுப்பு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இனி, தூண்டில் மிதக்கும் மரக்கட்டையிலோ வேறொருவர் வலையிலோ மாட்டிக்கொண்டது என்றால், படகின் ஓட்டமே கோலை இழுக்கும். நரம்பு அறும் வரை விசை ஏறிக்கொண்டே போகும். 20 கிலோவில் அறும் நரம்பானால், அதே 25 செ.மீ. குழாயின் வாயில் 140 கிலோ வரை அழுத்தம் ஏறலாம்.

இந்தக் கணக்கிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. குழாய் ஆழமாக இருக்க வேண்டும். தாங்கியை மரத்திருகாணி கொண்டு மேலோட்டமாக முடுக்கக் கூடாது. விளிம்பை ஊடுருவிச் செல்லும் போல்ட்டும், அடியில் தாங்குதட்டும் வேண்டும். ரீலின் பிடிமானத்தை நரம்பின் அறும் அளவில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வைக்க வேண்டும். 10 கிலோ நரம்புக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ வரை போதுமானது. பிடிமானம் சரியாக இருந்தால் ரீல் நரம்பை விட்டுக் கொடுக்கும். கோலும் தாங்கியும் பிழைக்கும்.

எந்தப் பொருளில் வாங்குவது?

உப்புக் காற்றும் வெயிலும் மாறி மாறித் தாக்கும் இடம் இது. எவர்சில்வர் என்று பொதுவாகச் சொல்லப்படும் துருப்பிடிக்கா எஃகில் பல தரங்கள் உள்ளன. வீட்டுப் பாத்திரங்களிலும் கைப்பிடிக் கம்பிகளிலும் மிகுதியாகப் பயன்படுவது 304 தரம். கடல்நீரில் நாளடைவில் இதில் செம்புள்ளிகளும் குழிகளும் விழும். 316 தரத்தில் மாலிப்டினம் 2 முதல் 3 விழுக்காடு வரை சேர்ந்திருப்பதால் உப்பை நன்கு தாங்கும். காந்தம் வைத்துப் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. எனவே தர எண் பொறித்த பொருளையோ, தரத்தை எழுதிக் கொடுக்கும் கடையையோ நாடுவது நல்லது. தாங்கி 316 தரமாக இருந்து போல்ட்டு சாதாரண இரும்பாக இருந்தால் பயனில்லை. போல்ட்டு, நட்டு, வாஷர் அனைத்தும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும்.

அலுமினியத் தாங்கி எடை குறைந்தது. ஆனால் எவர்சில்வர் போல்ட்டுடன் அது நேரடியாகத் தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்தால், அலுமினியம் வெண்பொடியாக அரிக்கப்பட்டு விடும். இரண்டுக்கும் இடையே நைலான் வாஷர் இட்டுப் பிரிக்க வேண்டும்.

கண்ணாடி இழை கலந்த நைலான் தாங்கிகள் துருப்பிடிக்கா, விலையும் குறைவு. ஆற்றிலும் முகத்துவாரத்திலும் பயன்படும் லேசான கோல்களுக்கு இவை போதுமானவை. வெயிலில் நாள்பட நிறம் வெளுத்து, விரல் நகத்தால் சுரண்டினால் பொடி உதிரும் நிலைக்கு வந்தால் உடனே மாற்றி விட வேண்டும்.

எதை வாங்கினாலும், கடைக்குச் செல்லும்போது சொந்தக் கோலைக் கையில் எடுத்துச் செல்வது நன்று. கோலின் அடிப்பகுதி குழாயினுள் தடையின்றி இறங்க வேண்டும். அதே சமயம் லொடலொடவென்று ஆடவும் கூடாது. குழாயின் உள்ளே ரப்பர் உறை இருக்கிறதா, கோல் சுழலாமல் தடுக்க அடியில் குறுக்கு ஊசி இருக்கிறதா என்றும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

எங்கே பொருத்துவது?

தாங்கிக்கு உரிய இடத்தை முடிவு செய்ய ஒரே ஒரு விதியை நினைவில் கொண்டால் போதும். படகினுள் கால் ஊன்றி நின்றபடி, உடலை விளிம்புக்கு வெளியே சாய்க்காமல், ஒரு கையால் கோலை மேல்நோக்கி உருவி எடுக்க முடிய வேண்டும். அப்படி முடியாத இடத்தில் தாங்கி இருக்கக் கூடாது.

இழுத்துச் செல்லும் தூண்டிலுக்குப் படகின் பின்பாதியில், இயந்திரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் முன்னால், இருபக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு தாங்கிகள் போதும். தாங்கி நேர் செங்குத்தாக இல்லாமல் 30 பாகை சாய்ந்து, கோலின் நுனி பின்னோக்கியும் சற்று வெளிநோக்கியும் இருக்குமாறு அமைய வேண்டும். நுனிகள் விலகி நின்றால் நரம்புகள் ஒன்றோடொன்று பின்னிக் கொள்ளா. சுழலும் இயந்திர விசிறியிலும் சிக்கா.

இயந்திரத்தின் கைப்பிடி திரும்பும் வட்டத்துக்குள் தாங்கி வரக் கூடாது. இயந்திரம் மாட்டியுள்ள பின்பலகையில் துளையிடுவது அறவே கூடாது. பைபர் படகின் பின்பலகைக்குள் பெரும்பாலும் மரப்பலகை பொதிந்திருக்கும். அதில் நீர் இறங்கி உளுத்தால், இயந்திரமே கழன்று கடலில் விழும் நிலை ஏற்படலாம்.

முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் மூடிய அறைகளில் நுரைப்பொருள் நிரப்பியிருப்பார்கள். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதப்பது இந்த நுரையால்தான். மூடிய அந்த அறைகளின் மீது துளையிட்டால் நீர் உட்புகும். நுரை மெல்ல மெல்ல நீரை உறிஞ்சிப் படகு கனத்துப் போகும். ஆபத்து வேளையில் உயிரைக் காக்க வேண்டிய மிதவை அப்பொழுது பளுவாக மாறி விடும்.

பொருத்தும் முறை

முதலில் ஒத்திகை பார்க்க வேண்டும். தாங்கியில் கோலைச் செருகி, ஒருவர் அதைக் குறித்த இடத்தில் பிடித்துக்கொள்ள, மற்றவர் படகில் நின்று ரீலின் கைப்பிடியைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். கைப்பிடி விளிம்பில் இடித்தால் இடத்தை மாற்ற வேண்டும். விளிம்பின் அடிப்பகுதியைக் கையால் தடவி எரிபொருள் குழாய், மின்கம்பி ஏதும் இல்லை என்று உறுதி செய்து கொள்ள வேண்டும்.

துளையிடும் இடத்தில் ஒட்டுத்தாள் ஒட்டி, அதன் மேல் பென்சிலால் வரைய வேண்டும். வட்ட ரம்பத்தை முதல் சில சுற்றுகள் எதிர்த்திசையில் ஓட்டி மேல்பூச்சை வெட்டிய பிறகு நேர்த்திசையில் ஓட்டினால், பளபளப்பான மேல்பூச்சு சிதறாது. பைபர் தூள் நுரையீரலுக்கும் கண்ணுக்கும் கேடு விளைவிப்பது. மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை ஆகியவை இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. சிறுவர்களை அருகில் விடக் கூடாது.

வெட்டிய துளையின் ஓரம் பச்சைப் புண் போன்றது. அதை அப்படியே விட்டால் நீர் இழைகளுக்குள் இறங்கும். ஓரத்தை உப்புத்தாளால் வழவழப்பாக்கி, பிசின் பூசி நன்கு காய விட வேண்டும். விளிம்புக்குள் மரம் இருந்தால், போல்ட்டுத் துளையைத் தேவைக்கு மேல் பெரிதாக இட்டு, எபாக்சிப் பிசினால் நிரப்பி, அது கெட்டியான பின் நடுவில் சரியான அளவில் மீண்டும் துளையிட வேண்டும். இவ்வாறு செய்தால் போல்ட்டு மரத்தைத் தொடாது. நீர் கசிந்தாலும் மரத்தை எட்டாது.

அடியில் வைக்கும் தாங்குதட்டு, தாங்கியின் வாய்த்தட்டைவிட எல்லாப் பக்கமும் 2 முதல் 3 செ.மீ. பெரிதாக இருக்க வேண்டும். 12 மி.மீ. கனமுள்ள கடல்தரப் பிளைவுட்டை இருபுறமும் ஓரங்களிலும் பிசின் பூசிப் பயன்படுத்தலாம். 3 மி.மீ. எவர்சில்வர் தகடும் ஏற்றது. வெறும் வாஷர் மட்டும் வைத்தால், பளு முழுவதும் ஒரு காசு அளவு இடத்தில் குவிந்து விளிம்பு விரிசல் காணும்.

வாய்த்தட்டின் அடியிலும் போல்ட்டுத் துளைகளைச் சுற்றியும் கடல்தரப் பாலியூரித்தேன் அடைப்புப் பசையைத் தடையின்றி வளையமாக இட வேண்டும். குளியலறைக்குப் பயன்படும் புளித்த வாடையுள்ள சிலிக்கான் பசை இதற்கு உதவாது. போல்ட்டுகளை முதலில் கை முறுக்காக மட்டும் முடுக்க வேண்டும். முழுதும் இறுக்கினால் பசை எல்லாம் வெளியே பிதுங்கி விடும். ஒரு நாள் கழித்துப் பசை இறுகிய பின் மேலும் அரைச் சுற்று முடுக்கினால், பசை ரப்பர் தட்டுப் போல அழுந்தி நீரைத் தடுக்கும். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டுகளைப் பயன்படுத்தினால் அதிர்வில் தளராது.

கடலுக்குப் போகு முன் கரையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். தாங்கியில் ஒரு கெட்டியான மூங்கில் கழியைச் செருகி, அதன் நுனியில் கயிறு கட்டி, வில் தராசு கொண்டு 10 கிலோ அளவுக்குப் பின்னோக்கி இழுக்க வேண்டும். விளிம்பு நெளிந்தாலும், கீச்சென்ற ஓசை கேட்டாலும் தாங்குதட்டு போதவில்லை என்று பொருள்.

செலவு குறைந்த பலகைத் தாங்கி

வலைத் தொழிலோடு தூண்டிலையும் வைத்திருப்பவர்களுக்கும், படகில் துளையிட விரும்பாதவர்களுக்கும் பலகைத் தாங்கி மிகவும் ஏற்றது. படகின் இரு விளிம்புகளிலும் படிந்து கிடக்குமாறு, 20 செ.மீ. அகலமும் 4 செ.மீ. கனமும் உள்ள நன்கு உலர்ந்த வேங்கை அல்லது தேக்குப் பலகை ஒன்றை எடுத்துக் கொள்ள வேண்டும். பலகையின் பின்விளிம்பில் இருமுனைகளுக்கும் அருகே, 40 மி.மீ. உள்விட்டமும் 35 செ.மீ. நீளமும் கொண்ட கனத்த பி.வி.சி. குழாய்களை 30 பாகைச் சாய்வில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். ஒவ்வொரு குழாயையும் இரண்டு இடங்களில் 'யு' வடிவப் போல்ட்டு கொண்டு இறுக்க வேண்டும்.

குழாயின் வாயில் 4 செ.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டு இட்டால், ரீலின் கால் அதில் அமர்ந்து கோல் சுழலாமல் நிற்கும். வெட்டின் கூர்மையை அரத்தால் மழுக்கி, பழைய சைக்கிள் டியூபை வாயில் சுற்றி விடலாம். குழாயின் அடியைத் திறந்தே வைத்துக் குறுக்கே ஒரு போல்ட்டு செருகினால், கோல் கீழே நழுவாது, நீரும் தங்காது.

பலகையை விளிம்பின் மேல் சும்மா வைத்து விடக் கூடாது. மீன் பின்னோக்கி இழுக்கும்போது பலகையின் முன்விளிம்பு மேலே கிளம்பும். எனவே இருமுனைகளிலும், முன்விளிம்பில் ஒன்றும் பின்விளிம்பில் ஒன்றுமாக, மொத்தம் நான்கு கட்டுகள் கட்டிப் படகின் குறுக்குக் கட்டையோடு இறுக்க வேண்டும். கரை நெருங்குமுன் கட்டை அவிழ்த்துப் பலகையை உள்ளே கிடத்தி விடலாம். பி.வி.சி. குழாயை வெயில் மொரமொரப்பாக்கி விடும் என்பதால் வெடிப்புக் கண்டவுடன் மாற்ற வேண்டும். பெரிய மீனுக்குப் போகிறவர்கள் குழாயை மட்டும் எவர்சில்வரில் செய்து கொள்ளலாம்.

ஆற்றிலும் முகத்துவாரத்திலும்

வில்லியனூர் கொம்யூனுக்குக் கடற்கரை இல்லை. ஆனால் சங்கராபரணி ஆறு உண்டு. செஞ்சிப் பகுதியிலிருந்து வரும் இந்த ஆறு வில்லியனூரைக் கடந்து, கீழே சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆறு எனப் பிரிந்து கடலில் கலக்கிறது. உப்புநீரும் நன்னீரும் கலக்கும் இந்தப் பகுதி கொடுவாய்க்கு ஏற்ற இடம். இங்கே படகை நங்கூரமிட்டுக் காத்திருப்பதே வழக்கம் என்பதால், லேசான நைலான் தாங்கி போதும். கோல் தாழ்வாக, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சாய்ந்திருந்தால் காற்றில் ஆடாது; கொடுவாய் தொடுவதும் நுனியில் தெளிவாகத் தெரியும்.

மழைக்காலத்தில் ஒரு எச்சரிக்கை தேவை. 2024 நவம்பர் 30 அன்று இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததைத் தொடர்ந்து சங்கராபரணியில் பெருவெள்ளம் வந்தது. இத்தகைய வெள்ளத்துக்குப் பின் ஆகாயத்தாமரையும் மரக்கிளைகளும் முகத்துவாரத்திலும் அதையொட்டிய கடலிலும் மிதந்து கொண்டிருக்கும். மேலே சொன்ன 140 கிலோ கணக்கு அப்பொழுதுதான் உண்மையாகும். நீர் தெளியும் வரை கோலைத் தாங்கியில் விட்டுவிட்டு ஓட்டக் கூடாது.

ஊசுட்டேரி 2008 ஆம் ஆண்டு முதல் பறவைகளுக்கான சரணாலயம். அங்கே மீன்பிடிப்பதில் வனத்துறையின் விதிகளுக்குக் கட்டுப்பட்டே நடக்க வேண்டும்.

கடலில் கையாளும் முறை

அலை உடையும் இடத்தைத் தாண்டிய பிறகே கோல்களைத் தாங்கியில் செருக வேண்டும். இறங்கும்போதும் ஏறும்போதும் அவை தூண்டில் முள் கழற்றப்பட்டுப் படகின் அடியில் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

மணிக்கு 7 முதல் 11 கிலோமீட்டர் வேகத்தில் படகை ஓட்டி, ஒரு நரம்பை 20 மீட்டரும் மற்றதை 35 மீட்டரும் பின்னே விடலாம். இரண்டும் ஒரே நீளத்தில் இருந்தால் திரும்பும்போது பின்னிக் கொள்ளும். படகைச் சட்டென ஒடித்துத் திருப்பாமல் அகன்ற வட்டமாகத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு கோலையும் உறுதியான கயிறு ஒன்றால் படகோடு பிணைத்து வைக்க வேண்டும். தாங்கியே பெயர்ந்தாலும் கோல் தப்பும்.

மீன் அடித்தவுடன் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்த பிறகே கோலை உருவ வேண்டும். இழுப்பு மிகுதியாக இருந்தால், கோலைத் தாங்கியிலேயே விட்டு ரீலை மட்டும் சுற்றலாம். இரண்டாவது கோலை மற்றவர் உடனே சுற்றி எடுத்து விட வேண்டும். கூரிய கத்தி ஒன்று எப்பொழுதும் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது அவசியம். கடல் ஆமை தூண்டிலில் மாட்டினால், அதை நரம்பைப் பிடித்துத் தூக்காமல், இயன்றால் முள்ளைக் கழற்றி, இயலாவிடில் முள்ளுக்கு மிக அருகில் நரம்பை அறுத்து விட்டு விட வேண்டும். பங்குனி ஆமை 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம்.

கோலில் கவனம் இருக்கும்போது வானத்தையும் அலையையும் மறந்து விடுவது இயல்பு. எனவே கரையிலேயே நிலவரம் அறிந்து புறப்பட வேண்டும். இதில் புதுச்சேரிக்கு ஒரு முன்னோடி வரலாறு உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அலை உயரச் செய்தியை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசி எச்சரிக்கையை நல்லவாடு கிராம மக்கள் அதே போன்ற ஒலிபெருக்கியில் அறிவித்ததால் ஏராளமானோர் உயிர் தப்பினர். இன்று ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலை உயரம், காற்று, மீன் கூடும் இடம் ஆகியவற்றை முன்கூட்டியே வெளியிடுகிறது. உயிர்காப்பு மேலுடையை மூட்டையில் வைக்காமல் உடலில் அணிந்திருக்க வேண்டும்.

பராமரிப்பு

ஒவ்வொரு நாளும் தொழில் முடிந்ததும் தாங்கியின் உள்ளும் புறமும் நன்னீர் ஊற்றிக் கழுவ வேண்டும். குழாயின் அடியில் மணல் அடைத்து நீர் தேங்கினால் எவர்சில்வரும் அரிக்கப்படும். மாதம் ஒரு முறை நட்டுகளை முடுக்கிப் பார்க்கலாம். வாய்த்தட்டைச் சுற்றிப் பழுப்பு நிறக் கசிவோ மயிரிழை விரிசலோ தெரிந்தால், மேலே பசை தடவி மறைக்காமல், தாங்கியைக் கழற்றி அடிமரத்தைச் சோதிக்க வேண்டும். விசைப்படகுகளுக்கான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தைக் கருதாமல், கரையில் படகு ஓய்ந்திருக்கும் எந்த நாளையும் இந்தச் சோதனைக்குப் பயன்படுத்திக் கொள்ளலாம்.

தூண்டிலில் பிடித்த மீன் நசுங்காமலும் செதில் உதிராமலும் வருவதால் சந்தையில் அதற்கு மதிப்பு உண்டு. பிடித்தவுடன் செவுளருகே கீறி இரத்தத்தை வடித்து, மீனுக்குச் சம எடை பனிக்கட்டி இட்டு வைத்தால் அந்த மதிப்பு கரை வரை குறையாது.

வண்டிக்கு அச்சாணி எப்படியோ, தூண்டில் படகுக்குத் தாங்கி அப்படி. சிறு பொருள்தான் என்று எண்ணி அதை அலட்சியம் செய்யலாகாது. நான்கு மலிவான தாங்கிகளைப் படகெங்கும் துளையிட்டு மாட்டுவதைவிட, இரண்டு நல்ல தாங்கிகளைத் தக்க இடத்தில், தாங்குதட்டுடன் பொருத்துவதே சிறந்தது. அதற்கும் வசதி இல்லாதவர்கள் பலகைத் தாங்கியுடன் தொடங்கி, ஒரு பருவம் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம். படகில் இடும் ஒவ்வொரு துளையும் எண்ணி இடப்பட்டால் படகும் நீடிக்கும். அதை நம்பிக் கடலுக்குச் செல்பவர்களும் நலமாகக் கரை திரும்புவார்கள்.